பாதிக்குப் பாதி மெழுகு

தையல்காரி வீட்டில் வார்த்த முதல் மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் நிழல்கள் ஏழு நிமிடம் தாமதமாக வந்தன. அது பாரஃபின் மெழுகு. அந்தத் தெருவில் சாயங்காலமானால் மின்சாரம் இருக்காது. கடை வத்தியோ புகைந்து வெள்ளைத் துணியைக் கெடுத்தது. அதனால்தான் அவள் வார்க்கவே தொடங்கினாள். துணியை மடித்து வைத்த பிறகும் சுவரில் அவள் கை ஊசி கோத்துக்கொண்டிருந்தது. இது வேலைக்கு ஆகாது என்று சோயா மெழுகுக்கு மாறினாள். புகை இல்லை, வாடை இல்லை. ஆனால் நிழல்கள் சுருண்டு படுத்துத் தூங்கின.

மூன்றாவதாக மெழுகுக் கடைக்காரர் தேன்மெழுகை எடுத்துக் கொடுத்தார். "சுத்தமா எரியும்மா. ஆனா நிழல் மனசுல இருக்கறதச் செஞ்சுடும், பாத்துக்கோ" என்றார், விலை சொல்லும் குரலில். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. தபால்காரர் பதினோரு வருடமாக வாரம் தவறாமல் ஒரு சட்டையைப் பொத்தான் தைக்கக் கொண்டுவந்தார். எந்த உத்தியோகத்தில் அத்தனை பொத்தான் அறுந்துபோகும்? தெருவுக்கே விஷயம் தெரியும். மனுஷர் மட்டும் "நூல் கெட்டியா இருக்கட்டும்" என்பதற்கு மேல் வாயைத் திறந்ததில்லை. இப்போது வெளியூருக்கு மாற்றல். சனிக்கிழமை ரயில். போய்விடுவாரே என்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தேன்மெழுகு கொஞ்சம்தான் இருந்தது. மிச்சமிருந்த சோயாவை வீணாக்குவானேன் என்று பாதிக்குப் பாதி சேர்த்து உருக்கி ஊற்றிவிட்டாள். அவளுடைய சிக்கனத்தை யார் என்ன சொல்ல முடியும்!

சனிக்கிழமை சாயங்காலம் அவர் பெட்டியோடு கடைசிச் சட்டையை வாங்க வந்தார். வத்தியை ஏற்றினாள். அவர் வாசலருகே விறைத்து நின்றார். அவர் நிழல் நிற்கவில்லை. சுவரோடு நடந்து போய் அவள் நிழலின் பக்கத்தில் உட்கார்ந்தது, தோளில் தலையைச் சாய்த்தது, அப்படியே தூங்கிப்போனது. அவள் நிழல் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுத் தானும் கண்ணயர்ந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"ஐயோ, வேண்டாங்க. பாவம், அசந்து தூங்குது. அதுவா எழுந்ததும் போறேன்" என்றார் தபால்காரர்.

தெரிந்த ஊரென்றால் பரவாயில்லை, புது ஊரில் நிழலில்லாத ஆளை யார் வேலையில் சேர்ப்பார்கள்? ரயில் போயிற்று. வத்தி அணைந்தால் நிழல் விழித்துவிடும் என்று, ஒன்று தீருமுன் அவள் அடுத்ததை ஏற்றினாள். மாற்றல் ரத்தாயிற்று, கல்யாணம் ஆயிற்று, ஒன்பது வருடமும் ஆயிற்று. தபால்காரர் வெயிலில் நிழலில்லாமல் கடிதம் கொடுத்துக்கொண்டு போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. "எப்ப ஊருக்குக் கிளம்பறீங்க?" என்று யாராவது சீண்டினால், "அது இன்னும் எழுந்திரிக்கலையே" என்கிறார். வாரா வாரம் கடைக்குப் போய் மெழுகு வாங்கிவருவதும் அவர்தான்.