பத்து நிமிடம் செல்லுபடியாகும் எண்

1
இந்தக் கதை ஏழாம் கவுண்டரில் பிறந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவன் நான். பெருந்தொற்றுக்குப் பிறகு அலுவலகம் முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது. குடும்ப அட்டை வேலையை எல்லோரும் வீட்டிலிருந்தே முடித்துக்கொள்கிறார்கள். நான் ஈ ஓட்டுகிறேன். ஈயும் வராதபோது எழுதுகிறேன்.

2
‘அந்த முதியவரின் கண்களில் ஆழ்ந்த...’ வேண்டாம், அடித்துவிட்டேன். அவர் லாரி ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. தவறினால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அட்டையில் குடும்பத் தலைவி அவர் மனைவி. தொற்றில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மாவின் பெயரை நீக்கினால்தான் மருத்துவமனையில் அட்டையை ஏற்பார்கள். நீக்குவதற்கோ தலைவியின் போனுக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்ல வேண்டும்.

(செத்தவரிடம் சம்மதம் கேட்கும் மென்பொருளை எழுதிய புண்ணியவான் யாரோ.)

3
திங்கட்கிழமை எண்ணை அனுப்பினேன். அவர் சட்டைப் பையில் ஒரு பழைய பட்டன் போன் ஒலித்தது. அப்போது அவர் முகம் [மலர்ந்தது? உடைந்தது?] எனக்கு எழுத வரவில்லை. அவர் சொன்னதையே போடுகிறேன்.

“அவ போனுக்கு இப்ப கவர்மெண்ட் மட்டும்தான் சார் அனுப்புது. தினமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்.”

எண்ணைப் படிக்கச் சொன்னேன், கண் தெரியவில்லை. போனைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

“பேர எடுத்துட்டா இதுல எதுவும் வராதா?”

வராது என்றேன். பத்து நிமிடத்தில் எண் காலாவதியானது. நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். செவ்வாயும் அதே கதை.

4
முடிவு அ: நான் போனைப் பிடுங்கிப் படிக்கிறேன். (எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.)
முடிவு ஆ: அவர் கண்ணை விட்டுவிட்டுப் போனை வைத்துக்கொள்கிறார்.

முடிவு இ எழுத வேண்டுமானால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கள் மாலையே விதிகளைப் புரட்டினேன். பெயரை நீக்கினாலும் மனைவியின் அதே போன் எண்ணைப் புது அட்டையில் வைத்துக்கொள்ளலாம். செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை முடிந்துவிடும், அப்புறம் என் கவுண்டருக்கு யாரும் வரமாட்டார்கள். நான் தனியாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

5
இன்று புதன். எதிரே உட்கார்ந்திருக்கிறார். போன் இப்போதுதான் ஒலித்து ஓய்ந்தது.

“நல்லா பாத்து சொல்லுங்க சார். பேர எடுத்துட்டா, இதுல ஒண்ணுமே வராதா?”

“ ”

என் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். நாலு மணிக்கு மூடிவிடுவோம்.