அப்பாவின் தாடை

அங்கமுத்துவுக்கும் அவர் மகள் வெற்றிச்செல்விக்கும் ஒரே தாடை. கீழ்த்தாடை முன்னால் தள்ளி, கீழ்ப்பல் வரிசை மேல்பல்லைத் தாண்டி நிற்கும். அங்கமுத்துவை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார். மகளுக்குத்தான் பள்ளிக்கூடத்திலேயே 'மண்வெட்டி' என்று பேர் விழுந்தது. கொய்யாக்காயைக் கூடக் கடிக்க முடியாது, கத்தியால் சீவித் தின்பாள். பெண் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்பியவர்கள் யாரும் சொல்லவில்லை.

பெரம்பலூர் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போன பிறகு, அங்கே ஒரு பல் டாக்டர் இதைச் சரி பண்ணலாம் என்றார். ஒன்றரை வருசம் பல்லுக்குக் கம்பி கட்டினாள். அப்புறம் திருச்சியில் ஆபரேஷன். வாய்க்குள்ளேயே கீறி, தாடை எலும்பை இரண்டு பக்கமும் வெட்டி, பின்னால் தள்ளித் தகடு வைத்து முடுக்கினார்கள்.

முகம் வீங்கி, கண் இடுங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் போட்டுப் பிணைத்திருந்தது. அங்கமுத்துதான் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்து ஓரமாக விட்டார். "நகருங்க, நான் குடுக்கறேன்" என்று மனைவி பூமாலை கேட்டும் விடவில்லை.

"எங்கிட்டருந்து வந்த சங்கடம். நான்தான் பாக்கணும்."

வீக்கம் வடிந்ததும் கண்ணாடியில் வேறொருத்தி இருந்தாள். வெற்றிச்செல்வி அழுதாள். அங்கமுத்துவும் அழுதார்.

ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஆபரேஷன் பேச்சே எடுக்கக் கூடாது என்று பூமாலை சொல்லியிருந்தாள். யாரும் சொல்லாமலே அங்கமுத்து முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டார். "பல்வலிங்க" என்று வந்தவர்களிடம் சொன்னார். பெண்ணைப் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுசி. "நீங்களும் ஒரு வாய் காப்பி குடிங்க அண்ணே, வலிக்கு எதமா இருக்கும்" என்று தன் கையாலேயே டம்ளரை நீட்டினாள்.

அங்கமுத்து துண்டை இறக்கினார்.

அந்தம்மா அவரைப் பார்த்தாள். பிறகு வெற்றிச்செல்வியைப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் அப்பாவை உரித்து வைத்திருந்தது, தாடை மட்டும் சேரவில்லை. "பொண்ணுக்கு ஏதும் ஆபரேஷன் பண்ணீங்களா?"

"ஆமாங்க. எல்லாம் சரியாப்போச்சு" என்றார் அங்கமுத்து.

"அவளுக்குச் சரியாப்போச்சு. நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கு?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டே கிளம்பினார்கள்.

வேன் போன பிறகு வெற்றிச்செல்வி அப்பாவிடம் வந்தாள். "செத்த நேரம் அந்தத் துண்ட எறக்காம இருக்க முடியலயா உனக்கு? இவ்வளவு வலி பட்டது இதுக்கா?"

அன்றிலிருந்து அங்கமுத்து வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். "தெரியாம சொல்லிட்டேன்ப்பா" என்று அவள் போய் நின்றபோது, "நெசத்தத்தானே சொன்ன" என்றார்.

அரியலூரிலிருந்து அடுத்த வரன் வந்த அன்று, விடிந்ததுமே காட்டுக்குப் போய்விட்டார். வந்தவர்கள் பெண்ணின் அப்பாவைக் கேட்டார்கள். வேலையாகப் போயிருக்கிறார் என்று பூமாலை போன் போட்டுக் கொடுத்தாள். சோளக்காட்டில் நின்றபடி அங்கமுத்து அவர்களோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். குணமான மனுசன் என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். தை மாதத்தில் தேதி குறித்தாயிற்று.

இருட்டுகிற நேரத்தில் வீடு வந்தவரிடம் வெற்றிச்செல்வி கேட்டாள். "கல்யாணத்தன்னைக்கு என்னப்பா பண்றது?"

அதையும் யோசித்து வைத்திருந்தார். "ஒம் பெரியப்பா நின்னு பண்ணி வெக்கட்டும். எனக்கு ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிக்கலாம்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லுவாள் என்று அவரும் கொஞ்ச நேரம் நின்றார். பூமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வெற்றிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, போய்ச் சாப்புடு" என்றார் அங்கமுத்து.