சோஃபா இரண்டு

என் விளையாட்டில் ஏழு தலை டிராகன் இருக்கிறது. என் தங்கச்சியின் விளையாட்டில் ஒரு சமையலறை இருக்கிறது. கூட்டம் சமையலறையில்தான் நிற்கிறது.

இருவரும் ஒரே கல்லூரியில் வீடியோ கேம் உருவாக்கப் படிக்கிறோம். நான் கடைசி வருடம், அவள் முதல் வருடம். வருடா வருடம் கண்காட்சி நடக்கும். யார் மேசையில் கூட்டம் அதிகமோ அந்த ஒருவரை மட்டும் ஒரு கேம் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவளுக்கு இன்னும் கண்காட்சிகள் பாக்கி இருக்கின்றன. எனக்கு இதுதான் கடைசி. நியாயத்தை அவளிடமே சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப உன் பல்லியை ஒழுங்காப் பண்ணு" என்றாள்.

டிராகன் என்பது என் கட்சி. வீட்டில் பல்லி என்பார்கள்.

ஒத்திகை நாளில் துறைத்தலைவர் வந்தார். அவள் மேசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது சமூகப் பிரச்சினைம்மா" என்று பாராட்டினார். பிறகு என்னிடம் வந்து, "இந்த ஏழு தலை எதைத் தம்பி குறிக்குது?" என்றார்.

"தலையைத்தான் சார்."

கண்ணாடியைத் தொடாமல் போய்விட்டார்.

அவள் விளையாட்டு இவ்வளவுதான். நீங்கள் ஒரு பெண். நாளைக்குப் பரீட்சை. புத்தகத்தைத் திறந்ததும் அழைப்பு மணி அடிக்கும். கதவைத் திறந்துவிட்டு வந்தால் வாஷிங் மெஷின் கூப்பிடும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால் சோஃபாவில் கிடக்கும் அண்ணன் தண்ணீர் கேட்பான். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் புத்தகம் முதல் பக்கத்துக்குப் போயிருக்கும். அப்படியே விடிந்துவிடும். இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஆடித் தோற்றார். எழுந்திருக்கவில்லை. மவுஸைப் பிடித்தபடியே, "என் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாளும் இப்படித்தான், வீடு நிறைய விருந்தாளிங்க. அன்னிக்குப் போனதுதான் எனக்குக் கணக்கு" என்றார். பிறகு மறுபடி ஆடினார்.

இதை வயிற்றெரிச்சல் என்பார்கள். எனக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது. அவள் மேசையையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்துதான் வலித்தது. என் டிராகன் முன்னால் உட்கார்ந்து இதுவரை ஒருவரும் சொந்தக் கதை சொன்னதில்லை. "செத்துடுச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் விளையாட்டைத் திறந்து, ஏதாவது பிழை கிடைக்குமா என்று தேடினேன். அந்த அண்ணன் கோடு போட்ட பனியன் போட்டிருந்தான். இடது தோளில் ஓர் ஓட்டை. என் இடது தோளைப் பார்த்தேன். ஓட்டை இருந்தது.

"ஏய், இது நானா?"

"சேச்சே. அது பேரு சோஃபா இரண்டு."

கோப்புகளைத் திறந்து காட்டினாள். சோஃபா ஒன்று என்பது சோஃபாவேதான்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. நான் எந்திரிப்பேன்."

"எப்ப?"

சாட்சிக்கு ஆள் கூப்பிட்டேன். 

"அம்மா! நான் எந்திரிக்கவே மாட்டனா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "ஏன், எந்திரிப்பானே. வைஃபை போனா எந்திரிப்பான்."

தங்கச்சி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நாகரிகம் உண்டு. "அவன் எந்திரிக்கணும்னா நீயே பண்ணிக் குடு, சேத்துடறேன். எனக்கு நேரமில்ல. அவனுக்கு நான் காலே வரையல."

உண்மைதான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தேவைப்படவில்லையாம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அண்ணன் எழுந்து போய்த் தண்ணீரைத் தானே குடித்துவிட்டால் அவள் படித்துவிடுவாள். படித்தால் ஜெயித்துவிடுவாள். ஜெயித்த விளையாட்டை யார் வரிசையில் நின்று மறுபடி ஆடுவார்கள்? தம்பி தங்கைக்கு உதவி செய்தால் புண்ணியம் என்பார்கள். இதில் இரட்டைப் புண்ணியம்.

நடையை வரைவதற்கு முன் நடப்பதைப் படம் பிடித்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். பிடிக்க வந்தவன் என் வகுப்புத் தோழன் பஃபர். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள், நெட் மெதுவானால் திரையில் சுற்றுவதுபோல, அவன் கண்ணில் வட்டம் சுற்றும் என்பதால் அந்தப் பெயர்.

நான் சோஃபாவிலிருந்து எழுந்தேன். நடந்தேன். நடுவில் நின்று வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தேன். பஃபர் "இயற்கையா இருக்கு" என்றான். சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். மூடிகள். அடுத்ததைத் திறந்தேன். வேறு மூடிகள். எங்கள் வீட்டில் இவ்வளவு மூடிகள் இருப்பது எனக்குச் செய்தி.

"அம்மா, டம்ளர் எங்க?"

"கண்ணு முன்னாடிதான்!"

"எந்தக் கண்ணு?"

மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

"டேய், கடைசியில வந்ததை அழிச்சுடு" என்றேன். பஃபருக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

என் டிராகனைத் தொடாமல் உட்கார்ந்து சோஃபா இரண்டுக்குக் கால்கள் போட்டேன். கெடுக்க நினைத்தவன் காலைக் கோணலாகப் போட்டிருக்கலாம். ஆனால் நடை விஷயத்தில் எனக்குக் கை கோணாது. "மீதியை நான் பாத்துக்கறேன்" என்று தங்கச்சி வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சியன்று முதல் ஆளாக அதே அலுவலக அக்கா உட்கார்ந்தார். சோஃபா இரண்டு தண்ணீர் கேட்டது. பிறகு, மெல்ல, எழுந்தது.

"டேய், எந்திரிக்கிறான்டா!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல். என் கால்களுக்குத்தான். ஒரு நிமிடம் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் நடுவில் நின்று கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டு சமையலறைக்குப் போனான். அலமாரியைத் திறந்தான். மூடிகள். அடுத்தது. மூடிகள்.

"டம்ளர் எங்க?" என்றது என் குரல்.

பஃபரைப் பார்த்தேன். "அழிக்கத்தான் சொன்னியா? அவ கேட்டா, அப்படியே குடுத்துட்டேன்" என்றான்.

திரையில் அந்தப் பெண் எழுந்தாள். புத்தகம் முதல் பக்கத்துக்குப் போனது. முன்பு தண்ணீர் கொடுக்க ஒரு நடைதான் ஆனது. இப்போது அவன் தேடி முடிக்கும்வரை எல்லாம் நின்றது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயோ, இவனை எனக்குத் தெரியும்!" வரிசையில் பாதிப் பேருக்கு அவனைத் தெரிந்திருந்தது. வரிசை நீண்டு என் மேசையைச் சுற்றி வாசலுக்குப் போனது. நிற்பவர்கள் பைகளை என் மேசைமேல் வைத்தார்கள். கண்காட்சியில் எனக்குக் கிடைத்த கூட்டம் பைகள்தான்.

வேலை அவளுக்கு. நிறுவனத்திலிருந்து வந்தவர் திரையின் கடைசி வரியைப் படித்தார். 'கால்கள்: அண்ணன்.' "நடை பிரமாதம், யாரு?" என்றார். அவள் என்னைக் காட்டினாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவள் கையைக் குலுக்கினார்.

"தேங்க்ஸ்ணா" என்றாள் என்னிடம் வந்து. "நீ எந்திரிக்கலைன்னா இவ்ளோ வந்திருக்காது."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். மனசாரச் சொன்னாள்.

கூட்டம் கலைந்தபோது பையை எடுக்க அலுவலக அக்கா வந்தார். காலி மேசையில் ஒருவன் இருப்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டு, ஒரு மரியாதைக்கு விசையை அழுத்தினார். குகையிலிருந்து டிராகன் வந்தது. நெருப்புக் கக்குவதற்கு முன் நின்று, வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தது. இத்தனை நாளும் நான்தான் வரைந்தேன். கவனித்ததே இல்லை.

"தம்பி, இந்தப் பல்லி அந்த அண்ணன் மாதிரியே நடக்குதே" என்றார் அக்கா. "இதுக்கும் டம்ளர் எங்கன்னு தெரியாதா?"

"ஏழு தலைக்கும் தெரியாதுக்கா" என்றேன்.

எடுத்த பையை அக்கா மறுபடி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.