முள்ளில் விழுந்த பந்து

கண்ணையனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. அரியலூரில் ரயிலேறியதிலிருந்தே இப்படித்தான். ஈரோட்டில் வண்டி மாறும்போது பிளாட்பாரத்தை அளந்தான். மைசூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்த பிறகு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தே தீர்த்தான்.

"உன் காலுல என்னா சக்கரமா கட்டியிருக்கு? செத்த உக்காருடா," என்று விக்கெட் கீப்பர் தர்மராஜ் அதட்டிப் பார்த்தான். இவன் தேறமாட்டான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

அவனவன் தவிப்பு அவனவனுக்கு. இந்தப் பயணம் முடிந்து பரீட்சையும் எழுதிவிட்டால், பெரம்பலூரில் மாமாவின் கடலை மண்டியில் கண்ணையனை உட்கார வைப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. உட்கார வைப்பதாம், இவனை! அதற்குள் பள்ளிக்கூட டீமுக்காக ஒரே ஒரு ஆட்டம் மட்டையைப் பிடித்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை.

பெங்களூரில் மூன்று ஆட்டம். முதல் இரண்டிலும் டீம் மண்ணைக் கவ்வியது, கண்ணையன் தண்ணீர் சுமந்தான். அவனை இறக்க கேப்டன் அமிர்தலிங்கத்துக்கு மனம் வரவில்லை. அவசரக்குடுக்கை என்று டீம் முழுக்க அவனுக்குப் பெயர்.

அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அரியலூரில் அவர்கள் ஆடுவது ஏரிக்கரையை ஒட்டிய செம்மண் பொட்டலில். ஒரு பக்கம் முழுக்க முள்ளுக்காடு. யுத்தத்தோடு வந்த பந்துப் பஞ்சம் யுத்தம் முடிந்தும் தீரவில்லை, டீமுக்கு இருந்ததே ஒற்றைத் தோல் பந்து. அதனால் அமிர்தலிங்கம் ஒரு சட்டம் போட்டான். பந்து முள்ளுக்குள் போனால் அடித்தவன் அவுட்டு, தேடி எடுத்து வர வேண்டியதும் அவனே. கண்ணையன் மட்டையைச் சுழற்றினால் பந்து வேறெங்கே போகும்? அவன் ஆடிய நேரத்தைவிட முள்ளுக்குள் தவழ்ந்த நேரமே அதிகம்.

மூன்றாம் ஆட்டத்தன்று காலை, ஆட வேண்டிய சாகுல் ஹமீதுக்குக் காய்ச்சல் கொதித்தது. வேறு ஆளில்லை. "கண்ணையா, நீ கடைசியா எறங்கு," என்றான் அமிர்தலிங்கம், வேண்டாவெறுப்பாக. கண்ணையனுக்குத் தலைகால் புரியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். அவன் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் இரண்டு கேப்டன்களும் அந்த மைதானத்தின் கிழக்கு ஓரத்திலிருந்த உண்ணிமுள் வேலியைப் பற்றிப் பேசி முடித்தார்கள். பந்து வேலிக்குள் போனாலும் ஆட்டம் நிற்காது, பந்து கிடைக்கும்வரை ஓடி ஓடி ரன் எடுக்கலாம். அமிர்தலிங்கம் மற்ற ஒன்பது பேருக்கும் அதைச் சொன்னான். கிணற்றடிக்குப் போனவனை மறந்துபோனான்.

சாயங்காலம் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது ஜெயிக்க இன்னும் மூன்று ரன் வேண்டியிருந்தது. அதுவரை பேடைக் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த கண்ணையன் உள்ளே ஓடினான். எதிர்முனையில் அமிர்தலிங்கம்.

"உருட்டி ஆடு. தூக்கி அடிச்ச, கொன்னுப்புடுவேன்."

"சரிண்ணே."

முதல் பந்தை உருட்டினான். இரண்டாவதையும் உருட்டினான். மூன்றாவது தோதாக வந்து விழுந்தது. கை கேட்கவில்லை. மட்டையில் பட்ட சத்தமே இனித்தது. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் வேலிக்குள் இறங்கியது.

போச்சு, ஆசைப்பட்ட ஒரே ஆட்டமும் போச்சு. கண்ணையன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பார்த்து ஓடினான். பின்னால் அமிர்தலிங்கம் தொண்டை கிழியக் கத்தினான். பந்து முள்ளுக்குள் போனால் ஊரிலும் அவன் அப்படித்தான் கத்துவான், இவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலியருகே இரண்டு பெங்களூர்ப் பையன்கள் குச்சியால் துழாவிக்கொண்டிருந்தார்கள். கண்ணையன் அவர்களை விலக்கிவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்து உள்ளே நுழைந்தான். முள்ளில் பந்து தேடுவது அவனுக்குப் பழகிய வேலை. முழங்கை கிழிய வெளியே வந்து, பந்தைச் சட்டையில் துடைத்து அந்தப் பையன்களில் ஒருவன் கையில் கொடுத்தான். அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு பௌலருக்கு எறிந்தான். பௌலர் ஸ்டம்பைத் தட்டினான், கிரீஸை விட்டு வந்திருந்த கண்ணையன் ரன் அவுட்டு. ஆட்டம் முடிந்தது.

தர்மராஜ் பாய்ந்து வந்தான். "மண்டையில களிமண்ணா வச்சிருக்க? எதிராளிக்குப் பந்து பொறுக்கிக் குடுக்குறான்யா!"

"முள்ளுல வுளுந்தா அவுட்டுதான? நானே போயி எடுத்தாரணும்ல?" கண்ணையன் அமிர்தலிங்கத்தைப் பார்த்தான். "நீதானண்ணே சொன்ன."

அடிக்க ஓங்கிய கையோடு வந்த அமிர்தலிங்கம் கையை இறக்கினான். "இங்க அது அவுட்டு இல்லடா. உன்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன்."

"அப்ப அந்த அடிக்கு எத்தினி ரன்னு?"

"மூணு. நடந்தே எடுத்திருக்கலாம்."

கண்ணையனின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது, அதை அவன் துடைக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நம்மூர்ல நான் அடிச்சதெல்லாம் என்னண்ணே?"

அமிர்தலிங்கம் குனிந்து, மண்ணில் முட்டி போட்டு, கண்ணையனின் காலிலிருந்த பேடின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.