வீட்டுக்காரர் பேரு

திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருந்த அல்போன்சா, ஒரு சனிக்கிழமை காலையில் பழனிக்குப் பஸ் ஏறினாள். அங்கே குடியிலிருந்து மீட்கும் மையம் ஒன்று இருப்பதாகப் போனில் பார்த்திருந்தாள். திண்டுக்கல்லிலும் ஒன்று இருந்தது. ஆனால் அதன் வாசலில் நின்றால் தன்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பா யார் கண்ணிலாவது பட வேண்டியிருக்கும்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் புருஷனையோ மகனையோ கூட்டிவந்தவர்கள்.

ஆலோசனை சொல்லும் பவித்ராவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கக்கா" என்றாள்.

வைத்தியம் எனக்குத்தான் என்று சொல்லவே அல்போன்சா அவ்வளவு தூரம் வந்திருந்தாள். "ராயப்பராஜ்" என்றாள்.

ராயப்பராஜ் குவைத்தில் இருந்தார். குடியைத் தொட்டதே இல்லை.

"எத்தனை வருசமா குடிக்கிறாருங்க?"

"நாலு வருசமா."

"காலையில எந்திரிச்சதும் வேணுமா?"

"வேணும். இல்லாட்டி கை நடுங்கும்."

"வேலைக்கு ஒழுங்காப் போறாருங்களா?"

"ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. அதான் யாருக்கும் தெரியல."

நாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் ஒருவரிடம் அதைப் பற்றிப் பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளைங்க வந்தா சேத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"இங்க இருபது பெட்டும் ஆம்பளைங்களுக்குத்தானுங்க. பொம்பளைங்க யாருங்கக்கா வர்றாங்க?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் குடித்தாள்.

பவித்ரா விடவில்லை. வாராவாரம் வியாழக்கிழமை போன் செய்து, "சார் எப்படி இருக்காருங்க?" என்று விசாரித்தாள். அல்போன்சா ஒளிக்காமல் சொன்னாள். இந்த வாரம் குறைத்தார், இந்த வாரம் முடியவில்லை, நேற்று சோறு இறங்கவில்லை. புதன்கிழமை ஆனாலே அந்தப் போனை நினைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

ஆறாவது வாரம் பவித்ரா, "போனை அவருகிட்டக் கொடுங்கக்கா. நான் பேசிப் பாக்குறேன்" என்றாள்.

அல்போன்சா போனை மறுகாதுக்கு மாற்றினாள். பிறகு, "அவரு இல்லம்மா. நாந்தான்" என்றாள்.



"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீ அவரு பேரத்தான கேட்ட?"

பவித்ராவே விசாரித்துச் சொன்னாள்: மதுரையில் பெண்களுக்குத் தனியாக ஓர் இடம் இருக்கிறதாம். சேரும்போது வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டு நாள் யோசித்து, திருச்சியில் படிக்கும் மகள் வினோலியாவைப் போனில் கூப்பிட்டாள். ஆரம்பித்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை.

"தெரியும்மா" என்றாள் வினோலியா. "பிளஸ் டூ படிக்கையிலேயே தெரியும்."

"அப்ப ஏண்டி கேக்கல?"

"கேட்டா என்கூடப் பேசாமப் போயிருவியோன்னு பயமா இருந்துச்சு."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கமாக அதைச் சுமந்திருக்கிறார்கள்.

உடம்பு சரியில்லை என்று, அரைப் பரீட்சை லீவோடு இன்னும் சில நாள் சேர்த்து ஸ்கூலில் லீவு எழுதிக் கொடுத்தாள். வினோலியா மதுரைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கே காலேஜுக்குத் திரும்பினாள். எட்டுக் கட்டில் இருந்த அறையில் அல்போன்சாவையும் சேர்த்து மூன்றே பேர். முதல் வாரம் உடம்பு படாத பாடு பட்டது. இருபத்தோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஸ்கூல் திறந்து சில நாள் கழித்து வந்தவளைப் பார்த்து, கூட வேலை பார்க்கிறவர்கள் "டைபாய்டாமே டீச்சர், பாதியா இளைச்சுட்டீங்களே" என்றார்கள். கஞ்சி குடிக்கச் சொன்னார்கள், காரம் ஆகாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனாள்.