டால்பின் சொன்ன கப்பல் நேரம்

அந்த டால்பினை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. நீலப் பின்னணியில் பல்லைக் காட்டிக்கொண்டு துள்ளும். அதன் வாலுக்குக் கீழே எங்கள் கடைப் பெயர், ‘விஜயா பார்சல்’. அதற்கும் கீழே அன்றைய கப்பல் நேரம். அந்தமானில், ஹட் பே துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இட்லியும் லெமன் சாதமும் கட்டிக் கொடுக்கிற கடைக்கு டால்பின் எதற்கு என்று கேட்டேன்.

“அதுக்குப் பேரு பிராண்டிங்,” என்றான் கௌதம் அண்ணன். “உனக்குப் புரியாது.”

எனக்குப் புரியாதாம். கடைக்கு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கியதே நான்தான், ஒன்பதாம் வகுப்பு லீவில். முதலில் சாப்பாட்டுப் படமாகப் போட்டேன். யாரும் சீண்டவில்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போகிற வழியில் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் சைக்கிளை நிறுத்தி, டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்த கப்பல் நேரத்தைப் போட்டோ எடுத்துப் போட்டேன். அன்றைக்கு அந்தப் போட்டோ தீவு முழுக்கச் சுற்றியது. எங்கள் ஊரில் அட்டவணை ஒன்று சொல்லும், கடல் வேறொன்று சொல்லும். கடைசியில் அந்தப் போர்டு சொல்வதுதான் நிஜம். அதைப் பார்க்க மட்டும் யார் இத்தனை தூரம் வந்து திரும்புவார்கள்?

அதனால் தினமும் காலையில் போர்டு போட்டோ. கோணலாக இருக்கும். சில நாள் என் கட்டைவிரல் விழும், சில நாள் போர்டுக்குக் கீழே படுத்திருக்கும் நாய் விழும். ஜனங்கள் நேரம் பார்க்க வருவார்கள், வந்த கையோடு பார்சலுக்கும் சொல்லிவிடுவார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று எல்லோரும் எங்கள் பக்கத்தில்தான் கப்பல் பார்த்தார்கள். நாயைக் காணவில்லை என்றால் அதையும் விசாரிப்பார்கள்.

கௌதம் அண்ணன் என் பெரியம்மா மகன். போர்ட் பிளேரில் ஹேடோ குவார்ட்டர்ஸில் இருக்கிறான். சென்னையில் படித்துவிட்டு வந்து, சின்னக் கடைகளுக்கு சோஷியல் மீடியா பார்த்துக் கொடுக்கிறேன் என்று திரிகிறான். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவன், நான் தோசையை வாயில் திணித்துக்கொண்டே சைக்கிளை எடுப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

“சித்தி, இவள இப்படி ஓட விடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு தடவ உக்காந்து வாரம் பூராத்துக்கும் போஸ்ட் ரெடி பண்ணி ஷெட்யூல் போட்டுட்டா, அதுபாட்டுக்குப் போகும். நெட்டு போனாலும் கவலையில்ல. ஸ்ட்ரெஸ்ஸே கிடையாது.”

“கப்பல் நேரம்?” என்று கேட்டேன்.

“டைம் டேபிள் இருக்குல்ல?”

“டைம் டேபிள்படி எந்தக் கப்பல்ணா போயிருக்கு?”

“அரே, நூத்துல தொண்ணூறு நாள் போகுதுல்ல? சும்மா நோண்டாத.”

அம்மாவுக்கு அவன் பேச்சில் ஒரு மயக்கம். அப்பா கமோர்ட்டா தீவில் கட்டட வேலையில் இருக்கிறார், மாதத்தில் பாதி நாள் போனில் கிடைக்க மாட்டார். வீட்டில் ஒரு படித்த ஆம்பளை பேசினால் அம்மா தலையை ஆட்டிவிடுவாள். பக்கம் அவன் கைக்குப் போனது. சாக்பீஸ் போட்டோ அசிங்கமாம், அது நின்றது. டால்பின் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வாரம் முழுக்க நானும் காலையில் நன்றாகத் தூங்கினேன்.

நேற்று எனக்குப் பரீட்சை. முடித்துவிட்டுக் கடைக்கு வந்தால் ஜெட்டி காலியாகக் கிடந்தது. கப்பலும் இல்லை, கூட்டமும் இல்லை. கடை வாசலில் நளினி அக்கா தன் சூட்கேஸ்மேல் உட்கார்ந்திருந்தாள். சர்டிபிகேட் வைத்த ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா முத்துகிருஷ்ணன் மாமா. கரண்ட் கம்பம் நடுகிற கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர். வேலைக்குப் போகாமல், தேய்த்த சட்டை போட்டு நின்றார்.

“ஜஹாஜ் போயிடுச்சு விஜயா அக்கா,” என்றார் அம்மாவிடம். இங்கே பலருக்குக் கப்பல் ஜஹாஜ்தான். சத்தம்கூடப் போடவில்லை. “சாயங்காலம் காத்து ஜாஸ்தியாகும்னு மத்தியானமே எடுத்துட்டாங்களாம். காலையிலயே போர்டுல அழிச்சு எழுதிட்டாங்களாம். உங்க பேஜ்ல மூணு மணின்னுல்ல இருக்கு? இந்தா, நீங்களே பாருங்க. மீன் துள்ளுதுல்ல, அதுக்குக் கீழ.”

அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்த போன் டிங் என்றது. எங்கள் பக்கத்திலிருந்து புது போஸ்ட். மாமா அதை வாய்விட்டுப் படித்தார்.

“கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான்! பசியோடவா ஏறப் போறீங்க?”

நளினி அக்கா தலை நிமிரவில்லை.

இன்று காலை போர்ட் பிளேரில் நர்சிங் சீட்டுக்குக் கவுன்சிலிங். நேரில் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். போன வருஷம் அவளுக்கு ஒரே ஒரு மார்க்கில் போனது. இந்த வருஷம் பகலில் மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டே படித்து லிஸ்ட்டில் வந்தாள். அடுத்த கப்பல் கவுன்சிலிங் முடிந்த பிறகு, நாளைக்குத்தான். இன்று காலையில் போர்ட் பிளேருக்கு ஹெலிகாப்டர் ஒன்று இருக்கிறது. மாமா அங்கேயும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

“ஃபுல்லாம். யாராவது விட்டுக் குடுத்தா பாக்கலாங்கிறாங்க. யாருன்னு நான் போய்த் தேடுவேன்?”

நான் பின்பக்கம் ஓடி கௌதம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, நம்ம பேஜைப் பாத்து நளினி அக்கா கப்பல விட்டுட்டாங்க.”

“டிஸ்கிளைமர் போட்டிருக்கேனே.”

“எங்க?”

“வாலுக்குப் பக்கத்துல. நல்லா பாரு.”

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. ‘நேரம் மாறுதலுக்கு உட்பட்டது’. நீலத்தில், வெளிர் நீலத்தில்.

“இத யாருண்ணா படிப்பா? எறும்புதான் படிக்கும்!”

“கத்தாத. இப்ப என்னங்கிற?”

“டைம் தப்புன்னு போடணும். ஹெலிகாப்டர்ல சீட் இருக்கிறவங்க யாராவது விட்டுத் தருவாங்களான்னு கேக்கணும். நம்ம பேஜ்ல இல்லாத ஆளே இங்க கிடையாது.”

“பாகல் ஹோ கயி க்யா, பைத்தியமா உனக்கு? நாமளே நம்மளப் பத்தித் தப்பாப் போடறதா? ரெண்டு நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க. நீ ரிலாக்ஸா பரீட்சைக்குப் படி.”

நான் போட்டேன். அம்மாவின் போனிலிருந்து. டீ ஆறுவதற்குள் அது காணாமல் போனது. முத்துகிருஷ்ணன் மாமா டால்பினுக்குக் கீழே ‘இது தப்பான நேரம், என் மகள் கப்பலை விட்டுவிட்டாள்’ என்று எழுதியிருந்தார், அதுவும் போனது. கொஞ்ச நேரத்தில் மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன அக்கா, உங்க பேஜே எனக்கு வரல?” என்றார். அவரை பிளாக் செய்திருக்கிறான். கடை திறந்த நாளிலிருந்து எங்களிடம் பார்சல் வாங்குகிற மனுஷனை, ஹேடோவில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு தட்டில் இல்லாமல் பண்ணிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கௌதம் அண்ணன் சொன்ன ஸ்ட்ரெஸ் எங்கேயும் தொலைந்து போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து எடுத்து நளினி அக்கா வீட்டில் வைத்துவிட்டான்.

மாமா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டார். நளினி அக்கா என்னைப் பார்த்து, “நீ தினமும் போட்டோ எடுப்பியே ஷோபி, அத ஏன்டி நிறுத்தின?” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் போனதும் அம்மாவிடம் சண்டை போட்டேன்.

“அண்ணன் செஞ்சது அநியாயம்மா. நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற.”

“நிக்காம? ஜெட்டி கேட்டுப் பக்கத்துல இடம் கெடைக்க நானும் உங்கப்பாவும் எத்தனை பேர் கால்ல விழுந்தோம் தெரியுமா? தப்பு டைம் போட்டு ஆள ஏமாத்துறாங்கன்னு எவனாவது எழுதிக் குடுத்தா, கடையத் தூக்கிருவாங்க. நாமளே எழுதிக் குடுக்கணுமா?”

“அப்போ நளினி அக்கா?”

“எனக்கு மட்டும் வலிக்கலையா? வாய மூடிட்டுப் போய்ப் படி.”

நான் படிக்கவில்லை. சாயங்காலம் ஜெட்டிக்குப் போனேன். மத்தியானம் போன கப்பலின் நேரம் போர்டில் இன்னும் அழியாமல் இருந்தது. 12.00. கீழே நாய். எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி அம்மா தூங்கும்வரை காத்திருந்தேன். அவள் போன் அடுப்பு மேடையில் சார்ஜில் கிடந்தது. பக்கம் அதில் இன்னும் திறந்தேதான் இருந்தது. அதைப் பூட்ட அண்ணன் மறந்திருக்கிறான். அவன் விடியும்வரை தூங்குவான், தூங்குகிறவன் எதையும் அழிக்க முடியாது. பகலில் எனக்கு இருந்த தைரியம் இருட்டில் இல்லை. கடை போய்விட்டால்? அப்பா என்ன சொல்வார்? மாமா கோபத்தில் நிஜமாகவே எழுதிக் கொடுத்துவிட்டால், நான் போடுவதையே சாட்சியாகக் காட்டுவார்களே? தப்புத் தப்பாக எழுத்து விழுந்தது. அழித்து அழித்து எழுதி முடிப்பதற்குள் நடு ராத்திரி தாண்டிவிட்டது.

‘நேத்து நாங்க போட்ட கப்பல் நேரம் தப்பு. போர்டைப் போய்ப் பாக்காம போட்டோம். எங்கள நம்பி நளினி அக்கா கப்பல விட்டுட்டாங்க. காலைல போர்ட் பிளேர்ல நர்சிங் கவுன்சிலிங், போகலன்னா சீட் போயிடும். காலை ஹெலிகாப்டர்ல போறவங்க யாராவது உங்க சீட்ட விட்டுத் தர முடியுமா? அவங்க அப்பா போட்ட கமெண்ட்ட அழிச்சதும் நாங்கதான். மன்னிச்சிருங்க. ஷோபனா, விஜயா பார்சல்.’

கீழே ஹிந்தியிலும் எழுதினேன். டால்பினையும் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் வந்தது ஒரு சிரிக்கிற பொம்மை. அடுத்து, ‘டால்பின் முதுகுல ஏத்தி அனுப்பு’ என்று ஒருவன். அழித்துவிடலாமா என்று விரலை வைத்தபோது மீன் கடை பிஸ்வாஸ் அங்கிள் எழுதினார். ‘ரெங்கம்மா டீச்சர் சுபஹ் ஜா ரஹி ஹை. உன்ஸே பூச்சோ.’ ரெங்கம்மா டீச்சர் காலை ஹெலிகாப்டரில் போகிறாராம், அவரிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்பதற்குள் யாரோ அவரை எழுப்பியே விட்டார்கள். விடிய இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போது டீச்சரே எழுதினார்.

‘நான் கல்யாணச் சேலை எடுக்கத்தான் போறேன். சேலை அடுத்த வாரமும் கடையில இருக்கும். ஆனா நான் விட்டாலும் என் சீட்ட அவளுக்கே குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. விடியறதுக்குள்ள அவள ஹெலிபேடுக்கு வரச் சொல்லு. நானும் வந்து நின்னு பேசறேன். அவ அப்பா நம்பர் என்கிட்ட இல்ல.’

மாமா எங்கள் பக்கத்தைப் பார்க்கவே முடியாது. போன் போட்டேன், எடுக்கவில்லை. எங்கள் நம்பர் என்பதால் எடுக்கவில்லையோ என்னவோ.

“யாருகூடடி பேசற?”

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். போனை வாங்கினாள். அம்மா மெதுவாகத்தான் படிப்பாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ‘போர்டைப் போய்ப் பாக்காம போட்டோம்’ என்ற இடத்தில் அவள் உதடு நின்றது. பிறகு கீழே, டீச்சர் எழுதியதுவரை போனாள். போன் அவள் கையிலேயே அதிர ஆரம்பித்தது. திரையில் கௌதம். யாரோ அவனையும் எழுப்பியிருக்கிறார்கள்.

அம்மா எடுத்தாள். “சொல்லுப்பா... ஆமா, போட்டிருக்கா... பாத்தேன்... அத அழிச்சேன்னு வச்சுக்கோ, அடுத்த ஜஹாஜ்ல நானே ஹேடோவுக்கு வந்து நிப்பேன். போதும். வையி.”

என் பக்கம் திரும்பிப் போனைக் கையில் திணித்தாள். “ஊர் பூரா சிரிக்க வச்சிட்டல்ல? உன்ன அப்புறம் வச்சுக்கறேன். சைக்கிள எடு.”

வெளியே கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தென்னைகளுக்கு நடுவே எப்படி மிதித்தேன் என்று தெரியாது. நளினி அக்கா வீட்டுக் கதவைத் தட்டியதும் மாமாதான் திறந்தார். தூங்கிய முகமாகத் தெரியவில்லை.

“இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?”

போனை நீட்டினேன். நீட்டிய நொடியில் டிங் என்றது. ஞாயிற்றுக்கிழமையே போட்டு வைத்தது. ‘குட் மார்னிங் ஹட் பே!’ என்று டால்பின் பல்லைக் காட்டியது.

மாமாவின் தாடை இறுகியது. “கீழ மாமா, அதுக்குக் கீழ பாருங்க,” என்று அழுதுகொண்டே விரலால் டால்பினைத் தள்ளினேன். அவர் படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பிக் கத்தினார்.

“நளினி! ஃபைல எடும்மா. சூட்கேஸ் கெடக்கட்டும், ஃபைல மட்டும் எடு!”