மூக்கின் மேல் திருநீறு

ரஞ்சனி ஈரப்பஞ்சால் என் மூக்கைத் தொட்டாள். குளிர்ந்தது நெற்றி. மூக்கில் வந்த தோல் புற்றை வெட்டியெடுத்த கோயம்புத்தூர் டாக்டர், நெற்றித் தோலைக் கீறித் திருப்பி அந்தக் குழியை மூடியிருந்தார். புருவத்திலிருந்து மூக்குவரை விரல் தடிமனில் ஒரு சதைப்பாலம். அதன் வழியாக இறங்கும் ரத்தத்தில்தான் புதுத் தோல் பிழைக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்ட பிறகே பாலத்தை அறுப்பார்கள். அதுவரை தொடுவதெல்லாம் நெற்றியில்தான் தெரியும் என்றிருந்தார்.

"கோயிலுக்குப் போகாதீங்கப்பா. கூட்டத்துல ஒரு கை பட்டாலும் போச்சு."

"தினகரன் டீக்கடையில என்ன சொன்னான்? இன்னொருக்கா சொல்லு."

மகள் தயங்கினாள். "மூக்கு அழுகுனவருக்கு மொதத் திருநீறு எதுக்குன்னு..."

சிலோனிலிருந்து வந்து சேரங்கோட்டில் இந்த மாரியம்மனை நிறுத்தியவர் என் அப்பா. திருவிழாவில் கமிட்டித் தலைவர் முதல் திருநீற்றை எங்கள் வீட்டு மூத்தவன் நெற்றியில் பூச வேண்டும். ஒரே விரலால், மூன்று கோடுகளையும் ஒவ்வொன்றாக. ஒரு வருடம் ஆள் வராவிட்டால் உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு தினகரனுடையது. இப்போது தலைவரும் அவன்தான்.

முகத்தை மறைக்க மகள் நீட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள். கூட்டம் தானாக விலகியது. என் இடத்தில் தினகரனின் அண்ணன் புதுவேட்டியில் நின்றிருந்தான். நான் பக்கத்தில் போனதும் நகர்ந்துகொண்டான்.

தினகரன் திருநீற்றுத் தட்டோடு நின்று சிரித்தான். "என்னா மாமா, நெத்தி பூராக் கட்டு? எங்க பூசுறது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"நெத்தி கீழ எறங்கி வந்திருக்குடா." மூக்கைக் காட்டினேன். "இதுல பூசு."

அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பூசாரி தினகரனைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் விரலை நீட்டினான். மூக்கில் இழுத்த முதல் கோடு என் நெற்றியில் ஓடியது. கையை இழுத்தான், மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னும் ரெண்டு இருக்கு. நிதானமாப் பூசு. அழுகியிருக்கான்னு மோந்தும் பாரு."

இரண்டாவது கோட்டில் பாலத்தின் தையலோரம் சூடாக ஏதோ கசிந்தது.

"அப்பா," என்றாள் ரஞ்சனி.

பிடியை விடவில்லை. தட்டிலிருந்த திருநீற்றில் ஒரு சிவப்புத் துளி விழுந்து, சிறு குழி பறித்து, உருண்டையாக நின்றது. தினகரன் அதையே பார்த்துக்கொண்டு மூன்றாவது கோட்டுக்கு விரலை உயர்த்தினான்.